முஸ்னா கூப்பிடாத பெயர்

போன வாரம் தண்ணீர் லாரி ஓட்டி வருகிறவன் பீப்பாய்களை இறக்கிக்கொண்டே, தெற்கே ஒரு கிழவி மவுத்தாகிவிட்டாள் என்றான். ஃபைஹானின் மனைவி, பெயர் முஸ்னா என்றான். லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவ உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாளாம். நான்கு பிள்ளைகள், பதினேழு பேரப்பிள்ளைகள், கிணற்றோடு ஒரு பேரீச்சந்தோப்பு. நல்ல சாவு. நான் தலையை ஆட்டிவிட்டுப் பீப்பாயின் மூடியை இறுக்கினேன். அவன் போன பிறகு கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். எழுபது வயதுக்கு மேல் அழுதால் ஒரு வசதி, யாரும் காரணம் கேட்பதில்லை.

குறிப்பேடும் கையுமாக நகரத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் பழைய சண்டைகளைப் பற்றிக் கேட்பார்கள். ஹாயிலில் இருந்த ரஷீத் வீட்டாருக்கும் ரியாத்தில் இருந்த சவூத் வீட்டாருக்கும் எந்த வருடம் எங்கே சண்டை, எந்தக் கூட்டம் எந்தப் பக்கம், எத்தனை துப்பாக்கி, எத்தனை ஒட்டகம். சொல்வேன். தெரியாததையும் சேர்த்துச் சொல்வேன், அவர்கள் அதைத்தான் அதிக ஆசையாக எழுதிக்கொள்கிறார்கள். முஸ்னாவைப் பற்றி ஒருவனும் கேட்டதில்லை. நானாக வாயைத் திறந்ததும் இல்லை. அவளைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். இனி எனக்கென்ன, சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளில் நாங்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. வடக்கு வீடு, தெற்கு வீடு, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் இந்தப் பாலை முழுவதும் வேண்டும். நடுவில் இருந்த கிணறுகள் எங்களுடையவை. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை வடக்கிலிருந்து ஓர் ஆள் மேலங்கியும் அரிசி மூட்டையும் கொண்டுவந்து எங்களைப் "பிள்ளைகளே" என்று அழைப்பான். அவன் போன தூசி அடங்குவதற்குள் தெற்கிலிருந்து ஒருவன் மேலங்கியும் வாளும் கொண்டுவந்து "சகோதரர்களே" என்பான். எங்கள் துலைஹ் கூட்டத்தின் தலைவர் பர்ஜஸ், என் வாப்பாவின் அண்ணன். அவரிடம் இரண்டு மேலங்கிகளும் இருந்தன. ஒரு குளிர்காலத்தில் இரண்டு ஆட்களும் ஒரே நாளில் வந்து சேர, மனிதர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார். காய்ச்சலா என்று இருவரும் அக்கறையாக விசாரித்தார்கள்.

முஸ்னா அவருடைய மகள். எங்களில் வாப்பாவின் அண்ணன் மகள்தான் முறைப்பெண். அவள் மேல் முதல் உரிமை எனக்கு. நான் கட்டிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: கட்டவும் செய்யாமல் விடவும் செய்யாமல் மறித்து வைக்கலாம். "இவள் என்னுடையவள், இவளைக் கட்டுகிறவனுக்கும் எனக்கும் நடுவில் ரத்தம்" என்று சபையில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், நானாக எடுக்கும்வரை அந்த மறிப்பு நிற்கும். அப்போது அதைப் பற்றியெல்லாம் நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினேழு, அடுத்த மழைக்குக் கல்யாணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை.

"நஹார், பேச வந்தியா, மேய வந்தியா? அரைநாளா இங்கயே நிக்கிறே" என்பாள், பால் கறந்தபடியே.

அந்த வருடம் வடக்கு வீடு எங்களை அழைத்தது. தெற்கு வீட்டுப் படை கசீம் பக்கமிருந்து ஏறி வருகிறது, எங்கள் கிணறுகளைத் தாண்டித்தான் அவர்கள் போயாக வேண்டும், தடுத்து நில்லுங்கள் என்று செய்தி. பர்ஜஸ் தெற்கு வீட்டு மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். சிவிகையை எடுக்கச் சொன்னார்.

சிவிகை என்றால் மணமகள் போகிற சிவிகை அல்ல, சண்டைச் சிவிகை. வேலமரச் சட்டம், நெருப்புக்கோழி இறகு. அதை வெள்ளை ஒட்டகத்தின் மேல் கட்டி, தலைவர் வீட்டுக் கன்னிப் பெண் ஒருத்தியை முகத்திரை இல்லாமல், கூந்தலை அவிழ்த்துவிட்டு, அதில் ஏற்றுவார்கள். சண்டை நடக்கும் இடத்தில் ஒட்டகத்தின் முன்னங்காலை மடக்கிக் கட்டிவிடுவார்கள், அது நகராது. கூட்டத்து ஆண்கள் அதைச் சுற்றி நிற்பார்கள். யாரும் அதை விட்டுப் போகக் கூடாது. முன்வரிசையில் ஒருவன் விழுந்தால், மேலே இருக்கும் பெண் அடுத்தவனின் பெயரைக் கூப்பிடுவாள். கூப்பிடப்பட்டவன் அந்த இடத்துக்குப் போவான். முதலில் தலைவரின் கூடாரம், பிறகு அதற்கு அடுத்தது என்று கூடார வரிசை. ஒரு கூடாரத்துக்குள் இளையவன் முதலில், மூத்தவர் பிறகு. இது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அன்று சிவிகையில் ஏறியவள் முஸ்னா. ஆகவே முதலில் அவள் கூப்பிட வேண்டிய பெயர் அவளுடைய ஒரே அண்ணன் மிஜ்வலின் பெயர்.

கூப்பிட்டாள். குரல் உடையவில்லை. "மிஜ்வல்! பர்ஜஸ் மகனே! எங்க இருக்கே?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான், அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். சிறிது நேரத்தில் விழுந்தான். தலைவர் கூடாரத்தில் வேறு ஆண் என்றால் பர்ஜஸ்தான், அவர் ஏற்கெனவே முன்னால் நின்றிருந்தார். அவள் அடுத்த கூடாரத்துக்குப் போனாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவன் போனான். மணல் புகைந்ததில் எதிரில் நிற்பது எத்தனை பேர் என்றே தெரியவில்லை. தெற்கு வீட்டுக்காரர்களிடம் புதிய துப்பாக்கிகள் இருந்தன. எங்களுக்கு உதவிக்கு வருவதாகச் சொன்ன வடக்கு வீட்டுக் குதிரைகள் வரவில்லை, வழியில் வேறெங்கோ மாட்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். பதினோரு பெயர் ஆயிற்று. திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவனுக்குக் கையில்லை.

பன்னிரண்டாவது பெயர் எங்கள் கூடாரத்தில். நான் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வாப்பா நின்றிருந்தார். அவருடைய பெயர் முத்லக். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வர வேண்டாம் என்று எல்லோரும் கெஞ்சியும், "ஆளில்லாத கூடாரமா என் கூடாரம்?" என்று என் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

முன்வரிசையில் ஓர் இடம் காலியானது. நான் மேலே பார்த்தேன். முஸ்னா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்களே நம்பவில்லை. அவள் சிவிகையிலிருந்து குதித்தாள். நூல் அறுக்கும் சின்னக் கத்தி அவள் இடுப்பில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து ஒட்டகத்தின் கால் கட்டை அறுத்தாள். மூக்குக் கயிற்றைப் பிடித்து அதைத் திருப்பி, அவிழ்ந்த கூந்தலும் வெறுந்தலையுமாக நடக்க ஆரம்பித்தாள். வடக்கு நோக்கி, எங்கள் கூடாரங்கள் இருந்த பக்கம். ஓடவில்லை, நடந்தாள். சிவிகையை விட்டுப் போகக் கூடாது என்பது சத்தியம். அது நகர்ந்தால் நாங்களும் நகர்ந்தாக வேண்டும். நகர்ந்தோம். அதைச் சுற்றி நின்றபடியே, பின்பக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டே, மணல் மேட்டைத் தாண்டினோம். அவர்களுக்கு வேண்டியது கிணறு. அது கிடைத்ததும் நின்றுவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், என் பெயர் வராதபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. கோபம் பிறகுதான் வந்தது.

மூன்றாம் நாள் சபை கூடியது. சிவிகை திரும்பிய கூட்டம் மறுபடி சிவிகை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த உரிமை போயிற்று. மானம் போயிற்று. அதை யார் தலையில் வைப்பது என்பதுதான் பேச்சு. பெரியவர் ஒருவர் பர்ஜஸைக் காப்பாற்ற நினைத்து, ஒட்டகம் வெடிச் சத்தத்தில் மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு திரும்பியிருக்கும், ஒட்டகத்தை அறுத்துப் போட்டுவிட்டு இதோடு விட்டுவிடலாம் என்றார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. நானும்கூட "ஆமா, நான் பார்த்தேன், மிரண்டுச்சு" என்று சொன்னேன்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து முஸ்னாவின் குரல் வந்தது. "நஹார் பொய் சொல்றான். நாந்தான் அறுத்தேன். அந்த வாயில்லா ஜீவன விட்டுடுங்க."

"ஏன் அறுத்தே?" என்று பர்ஜஸ் கேட்டார். மகனை இழந்து மூன்று நாள் ஆன மனிதர்.

"சிவிகைய விட்டுப் போகக் கூடாதுன்னுதானே சத்தியம் பண்ணீங்க. யாரும் விட்டுப் போகலையே. அது எங்க நிக்கணும்னு யாரும் சத்தியம் பண்ணலை."

இதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் பதில் தெரியாதவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த பெயர் யாருடையது என்று கணக்குப் பார்த்தார்கள். நஹார். ஓகோ, முறைப்பையன்! ஒரு பெண் தன் மாப்பிள்ளையைக் காப்பாற்ற ஒரு கூட்டத்தின் மானத்தையே விற்றுவிட்டாள் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் சொன்னது அதைவிட மோசம்: கூப்பிட்டாலும் அவன் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று தொடங்கியது. காப்பி ஊற்றுகிறவன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கிண்ணத்தை நீட்டுவது எங்கள் மரியாதை. எனக்கு மட்டும் பெயர் சொல்லாமல் கிண்ணத்தைத் தள்ளினான். பக்கத்தில் இருந்தவர்கள் மீசைக்குள் சிரித்தார்கள். கிணற்றடிக்குப் போனால் பெண்கள், "யாரு வந்திருக்கா பாரு. இவரை யாரும் கூப்பிடலையே, ஏன் வந்தாரு?" என்பார்கள். செத்துப்போன மிஜ்வலுக்குப் பாட்டு கட்டினார்கள். உயிரோடு இருந்த எனக்குக் கிடைத்தது அந்தக் கிண்ணம்.

வாப்பாவுக்கு என்னைவிட அதிகமாக எரிந்தது. "என் மகனை ஒரு பொட்டச்சி கழிச்சுக் கட்டிட்டா. என் கூடாரம் வந்ததும் வாயை மூடிக்கிட்டா. அவளைக் கட்டாதே. விடவும் விடாதே. மறிச்சு வை. நரைச்சுப் போகட்டும்" என்றார்.

நான் சபையில் எழுந்து மறித்தேன். அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்று ஒரு நாள் சிரிக்கவில்லை. அந்த ஒரு நாள் மரியாதைக்காக ஒன்பது வருடம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் நான் மட்டும் நரைத்துப் போகக் காத்திருக்கவில்லை. இரண்டாம் வருடமே வேறு கூடாரத்தில் நுவைர் என்ற பெண்ணைக் கட்டினேன். பிள்ளைகளும் பிறந்தன. நுவைர் வாய்க்கு அஞ்சாதவள். "அங்க ஒரு தோட்டத்துக்கு வேலி போட்டுட்டு இங்க வந்து மேயறீங்க. வெக்கமா இல்ல?" என்று நேருக்கு நேராகக் கேட்பாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் வந்தால் கத்துவது என் சுபாவம், அதனால் கத்துவேன்.

முஸ்னா தன் பாட்டுக்கு இருந்தாள். கால் முறிந்த ஒட்டகக் கன்றுக்கு வேலங்கழி வைத்துக் கட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. வடக்கு, தெற்கு என்று பாராமல் ஆட்கள் கன்றைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். மூன்று பேர் பெண் கேட்டு வந்தார்கள். மூன்று முறையும் நான் இடுப்பில் குத்துவாளோடு போய் அந்தப் பழைய சொற்களைச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை அவள் கூடாரத்து வாசலில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள்.

"வா நஹார். வச்ச பொருள் பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தியா? எலி கடிக்கலை, பாத்துக்கோ" என்றாள்.

நான் திரும்பி நடந்தேன். அவளுடைய முன்நெற்றியில் ஒரு நரைமுடி. வாப்பாவிடம் போய் அதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த வருடங்களில் இரண்டு வீடுகளும் ஓயவில்லை. ஒரு கோடையில் வடக்கு வீட்டார் கை ஓங்கும், மறு கோடையில் தெற்கு வீட்டார் கை. கிணறுகள் கை மாறின. ஒன்பதாம் வருடம் பர்ஜஸ் மடித்து வைத்திருந்த மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாங்கள் தெற்கு வீட்டு ஆட்களானோம். நேற்றுவரை எங்கள் மேல் சுட்டவர்களோடு ஒரே மேய்ச்சலில் நின்று, ஒரே மழைக்குட்டையில் தண்ணீர் எடுத்தோம். பழகிவிட்டது. யார் யாரைக் கொன்றார்கள் என்பதை இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து சரிக்குச் சரி கழித்து முடித்தார்கள்.

அப்படி வந்து இறங்கியவர்களில் ஒருவன் ஃபைஹான். மனைவி இறந்தவன், முப்பத்தைந்து வயது இருக்கும், அமைதியான ஆள். அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவன். கன்றுக்குக் கால் கட்ட முஸ்னாவிடம் வந்தான். கன்று எழுந்து நடந்த பிறகும் வந்தான். பிறகு நேராகப் பர்ஜஸிடம் போய்ப் பெண் கேட்டான்.

"அவ மறிச்சு வச்ச பொண்ணு" என்றார் பர்ஜஸ். "மறிப்ப எடுக்க வேண்டியவன் என் தம்பி மகன்."

"குட்டையில தண்ணி இருக்கிற வரைக்கும் நாங்க இங்க இருப்போம்" என்றான் ஃபைஹான். "அதுவரைக்கும் காத்திருக்கேன். ரத்தம் சிந்தி ஒருத்தியக் கட்டிக்க மாட்டேன். அவளும் வரமாட்டா."

குட்டை தினமும் ஒரு முழம் உள்வாங்கிக்கொண்டிருந்தது. முஸ்னாவுக்கு இருபத்தாறு வயது. இவன் போனால் இனி ஒருவனும் வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் ஒட்டகங்களைத் தண்ணீருக்கு ஓட்டிப் போகும்போது அந்தச் சேற்று விளிம்பைப் பார்ப்பேன். சீக்கிரம் வற்றட்டும் என்று ஒரு நாள் நினைப்பேன். வற்றக் கூடாதே என்று மறுநாள் நினைப்பேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்பது வருடமும் பிடித்திருந்தது. இதை இப்போது சொல்வதில் என்ன தப்பு.

குட்டையில் சேறு மட்டும் மிஞ்சியிருந்த ஒரு நாள் முற்பகல், பர்ஜஸ் எங்களைக் காப்பிக்கு அழைத்தார். வாப்பாவை நான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். ஃபைஹானும் அவனுடைய மாமா ஒருவரும் வந்திருந்தார்கள். வெளியே அவர்களுடைய ஒட்டகங்களின் மேல் பாதிச் சாமான் ஏற்றியாகிவிட்டது. காப்பி ஒரு சுற்று வந்தது. பர்ஜஸ் வாயைத் திறப்பதற்குள், நடுவில் தொங்கிய திரை விலகியது. முஸ்னா உள்ளே வந்தாள். ஆண்கள் பக்கத்தில், எங்கள் எதிரில், முகத்திரையோடு உட்கார்ந்தாள்.

"முஸ்னா, உள்ள போ" என்றார் பர்ஜஸ், சம்பிரதாயத்துக்கு.

"ஒரு பேச்சுதான் வாப்பா. பேசிட்டுப் போயிடறேன்." என் பக்கம் திரும்பினாள். "நஹார், கட்டிக்கிறதுன்னா கட்டிக்கோ. இல்லன்னா விடு. ரெண்டும் இல்லாம வேலி மேல உக்காந்திருக்கியே, உனக்கே வலிக்கலையா?"

ஃபைஹானின் மாமாவுக்குச் சிரிப்பு வந்து காப்பி புரையேறியது. எனக்குக் காது சுட்டது. ஒன்பது வருடமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"நீ ஒண்ணு சொல்லு, நான் விடறேன். அன்னைக்கு ஏன் என் பேரக் கூப்பிடலை? நான் போகமாட்டேன்னு நெனைச்சியா? இல்ல, செத்துடுவேன்னு நெனைச்சியா? எதுவா இருந்தாலும் சொல்லு. உன்னால நான் ஒன்பது வருஷமா இந்தக் கிண்ணத்துல பேரில்லாம குடிக்கிறேன்."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியது போலப் பார்த்தாள்.

"நீ போவேன்னு தெரியும். போனா செத்துடுவேன்னும் தெரியும். என் அண்ணனையே கூப்பிட்டேன் நஹார், உன்னக் கூப்பிட மாட்டேனா?"

"அப்புறம்?"

"உன் பேர்தான் வாய்க்கு வந்துச்சு. வந்ததும் உனக்கு அடுத்த பேர் யாருன்னு நெனைச்சுட்டேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவ்வளவு முட்டாள் நான். ஒன்பது வருடமாக அந்தக் கணத்தை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட என் பெயரைத் தாண்டிப் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில் வாப்பாவின் கிண்ணம் கம்பளத்தில் சாய்ந்தது.

முஸ்னா அவர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது.

"சாச்சா, மன்னிச்சிடுங்க. இதச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்களக் கூப்பிட்டா நீங்க வந்திருப்பீங்க. கண்ணு தெரியாது, குரல் வந்த திக்குல ஓடி வருவீங்க. என் குரல் எங்கயிருந்து வருது? ஒட்டகத்து மேலயிருந்து. ஈட்டிய நீட்டிக்கிட்டு நம்ம ஆளுங்க நடுவுல வந்து நிப்பீங்க. எதிரின்னு நெனைச்சு நம்மாளையே குத்துவீங்க. இல்லாட்டி நம்மாளே உங்களக் குத்துவாங்க. அத நான் மேல உக்காந்து பாத்துக்கிட்டு, அடுத்த பேரக் கூப்பிடணும். என்னால முடியலை. அன்னைக்குப் பதினோரு பேர் வரைக்கும் முடிஞ்சுது, அதுக்கு மேல முடியலை."

வாப்பா வெகுநேரம் கையைக் கம்பளத்தில் தடவிக்கொண்டிருந்தார், சிந்திய காப்பியைத் தேடுவது போல.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்றார் கடைசியில்.

"தெரியும் சாச்சா. அதனாலதான் கூப்பிடலை."

"இத அன்னைக்கே சபையில சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்கும்போதே கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

"என்னன்னு சொல்றது? குருட்டு முத்லக்கால சிவிகை திரும்புச்சுன்னா? ஊர் அவரைச் சும்மா விட்டிருக்குமா? அவரே தன்னைச் சும்மா விட்டிருப்பாரா? ஒரு வாரத்துல ஈட்டி மேல விழுந்திருப்பாரு. யாராவது ஒருத்தர் மேல பழி விழுந்தே தீரும். என் மேல கொஞ்சம், உன் மேல கொஞ்சம் விழட்டும்னு விட்டேன். நீ இளவட்டம், நாலு நாள் சிரிப்பாங்க, தாங்கிக்குவேன்னு நெனைச்சேன்."

என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ தாங்கலை" என்றாள்.

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். ஒட்டகக் கன்றைப் பார்த்து, இந்தக் கால் தேறாது என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

வாப்பா என் தோளைத் தேடிப் பிடித்தார். நகம் பதிந்தது. "எழுந்திரு. எடு" என்றார். அவளை நரைக்க வைக்கச் சொன்ன அதே வாய்.

எழுந்தேன். சாட்சிக்குப் பர்ஜஸ் இருந்தார், ஃபைஹானின் மாமா இருந்தார். "மறிப்பை எடுத்துட்டேன். உன் வழி திறந்திருக்கு. உன்னக் கட்டுறவனுக்கும் எனக்கும் நடுவுல சமாதானம்" என்றேன். சொல்லி முடிக்க நான்கு மூச்சுகூட ஆகவில்லை. முஸ்னா வாப்பாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஃபைஹானைப் பார்க்காமலே திரைக்குப் பின்னால் போனாள். மறுநாள் கல்யாணம். அதற்கு அடுத்த நாள் அவர்கள் தெற்கே போனார்கள். நான் அவளை மறுபடி பார்க்கவில்லை.

வாப்பா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். கடைசிவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டில் எதிரெதிரே உட்காரும்போதெல்லாம் நான் கணக்குப் போடுவேன். முஸ்னாவை நான் பழிவாங்கிக்கொண்டிருந்த அந்த ஒன்பது வருடமும், ஒவ்வொரு வேளையும், இதே மனிதர் உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து, இதே தட்டில் சோற்றை உருட்டி, கறித் துண்டு கைக்குப் பட்டால் அதை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.